மச்சான் காதால் படித்த தொடர்கதை

என்னிடம் யாராவது ஏதாவது கேட்டால் நான் தலையை ஆட்டுவேன். ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில், தெரியாது என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி. ஐந்தாம் வகுப்பு வரை அப்படித்தான் படித்தேன். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அப்படித்தான். மாதா கோயிலில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது தலையாட்டினேன். "வாயால சொல்லணும்ப்பா" என்றார். அதற்கும் தலையாட்டினேன். பின்னால் நின்ற மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், விலாவில் ஒரு குத்து விட்ட பிறகுதான் வார்த்தை வெளியே வந்தது.

மச்சான் எனக்கு நேர் எதிர். நான் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவன், அவருக்குப் பாம்பன் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்துகிற வேலை. கை வலையில் இருக்கும், வாய் ஊரெல்லாம் சுற்றிவரும். வாரம் தவறாமல் ராமேசுவரம் பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு வார இதழ் வாங்குவார். அட்டையில் தொடங்கி, கடைசிப் பக்கத்துத் தைல விளம்பரம் வரை விடமாட்டார். அதில் வரும் தொடர்கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொல்லுவார். கதை சூடாக இருக்கும், குழம்பு ஆறிவிடும். அவருடைய மனைவி இறந்தபின் எங்கள் வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டார். ஒரு பெட்டி நிறையத் துணியும், அதைவிட அதிகமாகப் பழைய இதழ்க் கட்டுகளும் அவருடன் வந்தன.

சர்க்கரையும் கண்ணழுத்தமும் சேர்ந்து அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. அந்தச் சமயத்தில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினார். பிறகு அதைவிடப் பெரிய பூதக்கண்ணாடி. கடைசியில், கதாநாயகி தனியாக இருக்கும் வீட்டின் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்ற இடத்தில் எழுத்து மறைந்துவிட்டது. மதுரையில் டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். தட்டியவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கண் போனதைவிட எங்களுக்குப் பயமாக இருந்தது அவருடைய பேச்சும் சேர்ந்து போனதுதான். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் "ம்" என்பார். வீட்டில் நான் ஒரு ஊமை போதாதா?

"என்ன மச்சான், பேசவே மாட்டேங்கிறீங்க?" என்று ஒருநாள் நானே கேட்டேன். நான் கேட்டதே பெரிய செய்தி.

"படிக்க ஒண்ணுமில்லாதவன் என்னத்த மாப்ளே பேச? நேத்து உக்காந்த நாற்காலியப் பத்தியா?" என்றார்.

இதழ் மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பழக்கத்தில் எடுத்துவைப்பார், நான் பழக்கத்தில் வாங்கி வருவேன், மச்சான் அதை வாங்கித் தடவிப் பார்த்துக் கட்டோடு வைப்பார்.

என் மனைவிதான் முதலில் வாசித்துக் காட்ட முயன்றாள். அவள் எட்டாவது படித்தவள், எழுத்தில் குறையில்லை.

"ஏண்ணே, இவ எதுக்கு அழுவுறா?"

"அத அடுத்த வரில போட்டிருப்பான். படி."

"அடுத்த வரிலயும் அழுவுறா. இவளுக்கு ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாப் போகும். கதவத் தட்டுனது யாருன்னு மட்டும் பாத்துச் சொல்லிரவா?"

"சொன்னே, கொன்னுருவேன். அது படிச்சு வரணும்."

"அப்ப இருங்க, அடுப்புல என்னமோ கருகுது."

அவள் திரும்பி வரவில்லை. மறுநாள் மச்சானே அவளுக்கு வாசிப்பிலிருந்து நிரந்தர விடுப்புக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு தெரியாதவங்க காதால கேக்குற புத்தகமெல்லாம் இருக்காம்ல. எங்கன கெடைக்குதுன்னு பாத்துட்டு வாங்க. எங்க அண்ணன் இப்படியே உக்காந்திருந்தா கல்லாப் போயிரும்."

நான் தலையாட்டினேன்.

ராமநாதபுரத்தில் நூலகத்தின் வாசலில் நின்று பெயர்ப் பலகையைப் பலமுறை படித்தேன். உள்ளே இருந்த அம்மா, "என்ன வேணும்?" என்று கேட்டார். தலையாட்டினேன். என்ன வேணும் என்ற கேள்விக்குத் தலையாட்டிப் பதில் சொன்ன ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

அவர் உள்ளே போய், தலையணை அளவில் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். எழுத்தே இல்லை, காகிதம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மேடு. விரலால் தடவிப் படிக்க வேண்டுமாம். கேட்டது காதுக்கு என்றாலும் எனக்கு அதுவே வலையில் அகப்பட்ட பெரிய மீனாகத் தெரிந்தது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மச்சான் முழு ஈடுபாட்டோடு தடவினார். மேலிருந்து கீழே தடவினார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இங்கன ஏதாவது இருக்கா மாப்ளே?"

"இருக்கு மச்சான். புள்ளி புள்ளியா இருக்கு."

"எனக்குச் சப்பாத்தி தடவுற மாதிரி இருக்கு."

அவர் மேல் பிழையில்லை. காலமெல்லாம் நைலான் நூலை இழுத்து முடிச்சுப் போட்ட விரல் அது. நுனியெல்லாம் காய்த்து, கொதிக்கிற தேநீர்த் தம்ளரைத் துணியில்லாமல் பிடிப்பார். பழகினால் வரும் என்று நூலகத்து அம்மா சொல்லியிருந்தார். மச்சான் சில நாள் பழகிப் பார்த்தார். பிறகு அதன்மேல் தலைவைத்துப் படுக்கத் தொடங்கினார். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

இந்த முறை நூலகத்து அம்மா, "கொஞ்சம் இருங்க. ஒரு டீச்சர் வருவாங்க. அவங்களுக்கும் பார்வை கிடையாது. போன்லயே எல்லாம் படிப்பாங்க" என்றார்.

டீச்சர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கைத்தடியை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க மச்சானுக்கு என்ன படிக்கப் பிடிக்கும்? கதையா?"

தலையாட்டினேன்.

"சார்? இருக்கீங்களா?"

இன்னும் வேகமாகத் தலையாட்டினேன்.

அவர் சிரித்தார். "காத்து வருது. தலையாட்டுறீங்கன்னு நெனைக்கிறேன். அது எனக்குச் செல்லாது சார். வாயத் திறந்து சொல்லணும்."

அன்றைக்கு அந்த ஒரு மேசையில் நான் பேசியது என் வாழ்க்கையில் ஒரு வருஷத்துப் பேச்சு. முடிந்ததும் வாய் வலித்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என் முகத்தை அவர் பார்க்க முடியாது என்பது மனதில் பட்டதும் கூச்சம் பாதி இறங்கிவிட்டது.

அவர் சொன்னது இதுதான். நாம் வைத்திருக்கும் சாதாரணப் போனுக்குள்ளேயே, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதி இருக்கிறது. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அச்சில் படிக்க முடியாதவர்களுக்கென்று இணையத்தில் நூலகம் இருக்கிறது. டாக்டர் சான்றிதழைக் காட்டிச் சேர்ந்துகொள்ளலாம். ஆட்கள் வாசித்துப் பதிந்துவைத்த நாவல்கள் கிடைக்கும், சில மாத இதழ்களும் கிடைக்கும். அவர் தன் போனை என் காதருகே வைத்துக் கேட்கச் சொன்னார். வறுத்த கடலையைத் தகரத்தில் கொட்டுவதுபோல ஒரு சத்தம். "இது நாவல்" என்றார். அவருக்கு அந்த வேகத்தில் புரிகிறதாம். பிறகு என் போனை வாங்கி அதே வசதியைத் திறந்துவிட்டு, எப்படித் தொட வேண்டும், எப்படி நகர்த்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். நான் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று வாயால் சொன்னேன்.

உச்சிப்புளி தாண்டும்வரை பஸ்ஸில் எந்தத் தொந்தரவும் இல்லை. மணி பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அது உரக்கப் பேசியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சத்தத்தைக் குறைக்கத் தொட்டேன். தொட்டதன் பெயரைச் சொன்னது. அணைக்கத் தொட்டேன். அதையும் சொன்னது. எங்கே தொட்டாலும் தொட்ட இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, திறக்க வேண்டுமானால் இருமுறை தட்டு என்று அறிவுரை வேறு சொன்னது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு. என் மனைவியின் பெயரை நான் போனில் எப்படிப் பதிந்துவைத்திருக்கிறேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. அதைப் பஸ் முழுக்கக் கேட்கும்படி மறுபடி மறுபடி அறிவித்தது.

"எடுத்துப் பேசிருங்கண்ணே. பாவம், தங்கம் ரொம்ப நேரமாக் கூப்புடுது" என்றார் கண்டக்டர்.

நான் போனை வேட்டிக்குள் சுருட்டித் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்தும் பேசியது. பாம்பன் பாலம் வருவதற்குள் என் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதுவரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மச்சானுக்கு அந்தப் போன் மிகவும் பிடித்துவிட்டது. எனக்குப் படியாத குதிரை அவருக்குப் படிந்தது. வலைக்கண் எண்ணிய விரலுக்குத் திரையில் இடம் நினைவு வைப்பது சுலபமாக இருந்திருக்க வேண்டும். சான்றிதழ் காட்டி அந்த நூலகத்தில் சேர்ந்தோம். நாவல்கள் வந்தன. முன்னறையில் யார் யாரோ பேசத் தொடங்கினார்கள். என் மனைவி முதல் நாள் விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து மூன்று பேருக்குத் தேநீர் போட்டாள்.

குறை சொல்லவும் ஆரம்பித்தார். அதுவே எங்களுக்கு நல்ல சேதி.

"இந்தப் பொண்ணு கொரலு நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா வில்லன் கத்தியோட வரும்போதும் தாலாட்டுப் பாடுது. எனக்கே தூக்கம் வருது, அவன் எங்க குத்துவான்?"

இயந்திரக் குரலைப் பற்றிக் கேட்டால், "அவன் கல்யாண வீட்டையும் எழவு வீட்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறான். பத்திரம் எழுதுறவன் மாதிரி இருக்கு" என்பார்.

ஆனாலும் அவர் மனம் அந்தக் கதவிலேயே நின்றது. அந்தத் தொடர்கதை இணையத்தில் எங்காவது இருக்குமா என்று டீச்சரிடம் அவரே போன் போட்டுக் கேட்டார். டீச்சர் தேடிப் பார்த்துச் சொன்னார். அந்த இதழ் இணையத்தில் இருந்தது. ஆனால் பக்கங்களைப் புகைப்படமாக எடுத்துப் போட்டிருந்தார்கள். கண் உள்ளவர்களுக்கு அது எழுத்து. போனுக்கு அது வெறும் படம். மச்சான் திரையைத் தொட்டபோதெல்லாம் போன், "படம்" என்றது. அடுத்த பக்கம், "படம்." அதற்கடுத்து, "படம்."

"எதிர்லயே இருக்கு, ஆனா கையில அகப்படல" என்றார் மச்சான். மறுபடி "ம்" என்று ஆகிவிடுவாரோ என்று பயந்து என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். இதழ்க் கட்டு வீட்டிலேயே இருக்கிறது. வாசிக்க வேண்டியது நான்.

எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வரும். நீளமான சொல் வந்தால் பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டும். அதை மச்சான் எதிரில் உட்கார்ந்து செய்வதை நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பச்சை நிறச் செயலியில் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசினால் குரல் அப்படியே போய்ச் சேருமே. கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில், கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, என் மனைவியின் பழைய போனுக்குள் வாசித்து, மச்சான் கையிலிருந்த போனுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மாப்ளே, நீ என்ன வாசிச்சேன்னு நீயே கேளு."

போட்டுக் காட்டினார். என் குரல்: "அவள் மெல்லக் கதவைத் திறந்தாள். ஓவர்." கொஞ்சம் அலைச் சத்தம். "வெளியே நின்றவனைக் கண்டதும் திடுக்கிட்டாள். ஓவர்."

கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் பேச எங்களிடம் வாக்கிடாக்கி உண்டு. பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், பேசி முடித்ததும் ஓவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் எதிராளி பேசலாம். நான் தடையில்லாமல் பேசுகிற ஒரே இடம் அது. கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தினால் என் வாய் தானாக அந்தப் பழக்கத்துக்குப் போய்விடுகிறது. நான் வாக்கியத்துக்கு வாக்கியம் ஓவர் சொன்னது எனக்கே தெரியாது.

அதோடு விட்டாரா? "ஓவர் கூடப் பரவாயில்ல. நீ ஏன் இத பூசையில பைபிள் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற? 'அப்போது அவன் அவளை நோக்கி, காபி இருக்கிறதா என்றான்.' நான் எந்திரிச்சு நிக்கணுமோன்னு ஆயிப்போச்சு."

வாய்விட்டு வாசிப்பதை நான் வேறெங்கே கேட்டிருக்கிறேன்? கோயிலில் மட்டும்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசித்ததும் கண் தெரிந்த காலத்து மச்சான்தான். அவருடைய ராகத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படியாக நாங்கள் பழகிக்கொண்டோம். நான் கடலுக்குப் போகாத வேளைகளில் வள்ளத்தடியில் உட்கார்ந்து வாசித்து அனுப்புவேன். குரலை வேகப்படுத்திக் கேட்கும் வித்தையை டீச்சரிடம் கற்றுக்கொண்ட மச்சான், என்னை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார். "அப்பத்தான் நீ மனுசன் பேசுற மாதிரி இருக்கு" என்பார். வேகப்படுத்திய என் குரலில் நான் சுறுசுறுப்பான ஆள்போல இருந்தேன். அந்த ஆளை எனக்கே பிடித்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் குழம்பு மறுபடியும் ஆறத் தொடங்கியது. கதவைத் தட்டியவன் கதாநாயகியோடு முன்னொரு காலத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அவன் யோக்கியனா இல்லையா என்பதில் மச்சானுக்கும் என் மனைவிக்கும் தினமும் வழக்கு. நான் அடுத்த இதழையும் படித்திருப்பேன் என்று நினைத்து இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். மச்சான் பார்க்க முடியாதே என்கிறீர்களா? அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாப்ளே மூச்சு விடுறதப் பாத்தா அவன் யோக்கியன்தான் போலருக்கு" என்பார்.

அப்போதுதான் மழை அத்தியாயம் வந்தது.

கதாநாயகி நாற்பது வயது விதவை. கதவைத் தட்டியவனுக்கும் அந்த வயதுதான். மழையில் நனைந்து இருவரும் வீட்டுக்குள் வருகிறார்கள். மின்சாரம் போய்விடுகிறது. அதற்குமேல் எழுதியவர் கைக்குக் கட்டுப்பாடு இல்லை. மூன்று பக்கம். நான் வள்ளத்தடியில் உட்கார்ந்து முதலில் மனதுக்குள் படித்தேன். காது சூடாகிவிட்டது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் தூரத்தில் இருந்தாலும் என்னையே பார்ப்பதுபோலத் தோன்றியது. பொத்தானை அழுத்தினேன். "மழை கொட்டியது. ஓவர்" என்றேன். அப்படியே பக்கங்களைத் திருப்பி, "மறுநாள் காலை அவள் இட்லி அவித்தாள். ஓவர்" என்று முடித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது மச்சான் சிரிக்கவில்லை.

"மாப்ளே, ஒரு சந்தேகம். ஈரச் சேலையோட இருட்டுல நின்னவ, அடுத்த மூச்சுல இட்லி அவிக்கிறா. நடுவுல என்ன நடந்துச்சு?"

தலையாட்டினேன்.

"நீ தலைய ஆட்டுறது எனக்குத் தெரியும். வாயால சொல்லு."

"ஒண்ணும் பெருசா இல்ல மச்சான். மழையப் பத்தி எழுதியிருந்தான். நாந்தான் சுருக்கிட்டேன்."

"மழையப் பத்தி மூணு பக்கமா? நானும் இந்தப் புத்தகத்த எத்தன வருசமாப் படிக்கிறேன். ஒரு வாரத்துக் கதை எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா?"

அவர் குரல் இறங்கியது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"கண்ணு இருந்தப்ப எனக்கு முன்னாடி நின்னு, இதப் படி, இதப் படிக்காதன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. இப்ப நீ சொல்றே. எனக்குப் போனது கண்ணுதான மாப்ளே? வயசு போயிருச்சா, புத்தி போயிருச்சா? இன்னும் எதெதெல்லாம் நீ முழுங்கினேன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

போனை மேசைமேல் வைத்தார். மறுநாளும் அதைத் தொடவில்லை. நாவல்களும் கேட்கவில்லை. சாப்பாட்டில் குழம்பு சுடச்சுட இருந்தது. யாருக்கும் இறங்கவில்லை.

"என்னத்தத்தான் விட்டீங்க?" என்று என் மனைவி அடுப்படியில் என்னை மறித்தாள். சொல்ல முடியாமல் பக்கத்தையே எடுத்து நீட்டினேன். படித்தாள். புருவம் ஏறியது. பக்கத்தைத் திருப்பினாள். இந்த முறை அடுப்பில் உண்மையாகவே ஏதோ கருகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு இதழை என் கையில் திணித்து, "போயி எங்க அண்ணனுக்கு வாசிங்க. ஒரு எழுத்து விடக்கூடாது" என்றாள்.

போனில் வாசிக்க மனமில்லை. வாசித்தது போனுக்குள்ளேயே தங்கிவிடும். கண்டக்டர் முதல் யார் கையில் அகப்படுமோ என்ற பயம். வள்ளத்தடியிலும் முடியாது. மிச்சமிருந்தது முன்னறை ஒன்றுதான். மச்சான் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் யாரென்று கேட்கவில்லை. நான் பேசாமல் உட்காரும் விதம் அவருக்குத் தெரியும்.

"மழை கொட்டியது" என்று தொடங்கினேன்.

கோயில் ராகம் வரவில்லை. அந்த மூன்று பக்கத்துக்கு அந்த ராகம் வராது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். என் வேகத்தில் வாசித்தால் ஒரு முத்தம் முடிய எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவன் அவள் கூந்தலிலிருந்து நீரைத் துடைக்கக் கையைத் தூக்குகிறான். அந்தக் கை கூந்தலுக்குப் போய்ச் சேருவதற்குள் நான் இருமுறை மூச்சு வாங்கினேன். மச்சான் அவசரப்படுத்தவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, சேலை நனைந்த சத்தத்தைக்கூட விடாதவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெரிந்தது. அது அசிங்கமாக இல்லை. ரொம்ப நாள் தனியாக இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் தொடப் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். மனதுக்குள் அவசரமாகப் படித்தபோது என் கண்ணில் படாத வரிகள் அவை. மனைவி இறந்து இத்தனை வருஷமாகத் தனியாகப் படுக்கிற மனுஷனிடமிருந்து அதை மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

முடித்ததும் மச்சான் தொண்டையைச் செருமினார்.

"நல்லா எழுதியிருக்கான்" என்றார். "இதப் போயி இட்லி அவிச்சு மூடப் பாத்தியே."

"அடுத்தது என்ன ஆச்சாம்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அடுத்த இதழைத் தேடினேன். இதழ்க் கட்டுக்குள் இல்லை. கட்டுக்கு அடியிலும் இல்லை. கட்டிலுக்கடியில், அலமாரியின் மேலே என்று எல்லா இடமும் பார்த்தேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"மேல் அட்டை கிழிஞ்சிருந்துச்சா... பழசுன்னு நெனச்சிட்டேன். போன மாசம் உச்சிப்புளிக்காரிக்குக் கருவாடு குடுத்துவிட்டேன்ல, அதுல சுத்திட்டேன் போலருக்கு."

உச்சிப்புளிக்காரி என்பது அவளுடைய தங்கை. அங்கே வாக்கப்பட்டுப் போனவள்.

நான் மச்சானைப் பார்த்தேன். வழக்கு வரும், அல்லது பழையபடி "ம்" வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசைப்பக்கம் கையை நீட்டித் தடவிப் போனை எடுத்தார். விரல் திரையில் நகர்ந்தது. போன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. தங்கையின் பெயர் வந்ததும் இருமுறை தட்டினார்.

"ஏ தாயி, நாந்தான் அண்ணன் பேசுறேன். நல்லாத்தான் இருக்கேன். அத விடு. போன மாசம் கருவாடு வந்துச்சுல்ல, அத சுத்தியிருந்த பேப்பரு எங்க?"

மறுமுனையில் அவள் கேட்டது எங்களுக்கும் கேட்டது. "கருவாடு நல்லாருந்துச்சான்னு கேக்காம பேப்பரக் கேக்குறீங்க? அத அலமாரித் தட்டுல விரிச்சு மிளகாய்த்தூள் டப்பாவ அடுக்கிட்டேண்ணே."

"டப்பாவையெல்லாம் எறக்கு."

"எதுக்கு?"

"எறக்கு தாயி. ஒரு பொம்பள இட்லி அவிச்சுக்கிட்டு இருப்பா. அங்க இருந்து வாசி."

டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் தட்டையான குரலில், கடகடவென்று வாசிக்கத் தொடங்கினாள். இடையில் நிறுத்தினாள்.

"அண்ணே, இங்கன கருவாட்டு எண்ணெய் எறங்கி மறுபக்கத்து எழுத்தும் சேந்து தெரியுது. 'அவன் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு, மூட்டு வலிக்கு ஒரே தீர்வு'ன்னு வருது."

"மூட்டு வலியத் தள்ளிட்டு வாசி. அவன் என்ன சொன்னான்?"

"இருங்க, வெளிச்சத்துல வச்சுப் பாக்குறேன்... 'நான் இனி இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன்' என்றான்."

"சொன்னேனா இல்லையா! யோக்கியன்!" என்று மச்சான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். என் மனைவி, "ஒரு வார்த்தைக்கே யோக்கியன் ஆயிருவானா? மேல வாசிக்கச் சொல்லுங்கண்ணே" என்று அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கேட்டியா தாயி, மேல வாசி" என்றார் மச்சான் போனில். "ஒண்ணு சொல்லிர்றேன். நீயா எதையும் விட்டுறாத. புரியலைன்னாலும் வாசி, வெக்கமா இருந்தாலும் வாசி. நல்லது கெட்டது நாங்க பாத்துக்கிறோம்."